பக்கத்து சீட்டுக்கும் தலைவலியா என்று கேள்

முரளி,

மறைமலைநகரிலிருந்து சிறுசேரிக்குக் குடிபோன பையனுக்கு எந்த அம்மாவாவது இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதுவாளா என்று நீ சிரிப்பாய். சிரி. சிறுசேரி ஒன்றும் சீமை இல்லை, பஸ் மாறிப் போனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வந்து சேர்ந்துவிடலாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் போனில் உன்னிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடிக்க எனக்கு இன்றுவரை வாய்த்ததில்லை. நான் மூச்சு வாங்குவதற்குள் "சரிம்மா, பாத்துக்கறேம்மா" என்று நீ கடையைக் கட்டிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நீயும் உன் புதுப்பெண்டாட்டி தீபாவும் நாம் வீட்டிலேயே கட்டின விமானத்தில் ஏறி மாமல்லபுரம் கடற்கரையை மேலிருந்து பார்த்துவிட்டு வரப்போகிறீர்கள். இரண்டே சீட் உள்ள வண்டி. அதில் ஆளை ஏற்றிக்கொண்டு நீ பறக்கப்போவது இதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் இதை நீ படித்துவிட வேண்டும். படித்துவிட்டு தீபாவிடமும் கொடு, இது அவளுக்கும் சேர்த்துத்தான்.

செவ்வாய்க்கிழமை நீ போனில் கேட்டாயே, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. "யம்மா, அந்தப் புகை மீட்டரு சும்மா சும்மா கத்திகினே கீதும்மா. ஞாயித்துக்கெழம தீபா பயந்துடுவா. அன்னிக்கு மட்டும் கழட்டி வெச்சிடட்டா?" என்றாய். ஏன் கத்தியது என்று கேட்டேன். ஓடுபாதை ஓரத்தில் புல் வெட்டுகிற டிராக்டர் பக்கத்தில் நின்றதாம், அதன் புகைக்குக் கத்தியதாம். இருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின தடவை எதற்குக் கத்தியது என்று கேட்டதற்கு, பேட்டரி தீர்ந்திருக்கும் என்றாய். அதற்கும் முந்தின தடவைக்கு இன்னொரு காரணம் வைத்திருந்தாய். நான் கழற்றக் கூடாது என்றேன். நீ "சரிம்மா" என்றாய். உன்னுடைய அந்த "சரிம்மா"வை எனக்கு நீ பேச ஆரம்பித்த நாளிலிருந்தே தெரியும், அதில் பாதிக்கு மேல் நான் நம்புவதில்லை.

நீ பத்தாவது படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு பிசகிப்போய் வீட்டுக்கு வந்தாய். கை வீங்கிக் கிடந்தது. என்னடா என்றால், "நைட்டு கை மேல படுத்துட்டேம்மா" என்றாய். கையைத் தொட்டதும் அலறினாய், அப்போதும் அதையேதான் சொன்னாய். பரீட்சை நேரத்தில் கண் எரிகிறது என்றால் வெங்காயம், காய்ச்சல் வந்தால் ஐஸ்க்ரீம், எதற்கும் உன் சட்டைப்பையில் ஒரு காரணம் தயாராக இருக்கும். இது உனக்கு வானத்திலிருந்து வந்ததில்லை. உங்கப்பா கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் நெஞ்சு வலியோடு ஒரு ஷிப்ட் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கிறார். கேட்டால் வாயு. ஒரு சோடா, ஒரு ஏப்பம், அவ்வளவுதான் வைத்தியம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மெஷின் கோடு போட்டுக் காட்டின பிறகும் டாக்டரிடம், "வாயுதான் சார், கொஞ்சம் ஓவராப் பூடுச்சி" என்று வாதாடிய மனுஷன் அவர். இன்று அவர் உயிரோடு இருந்து என் மோர்க்குழம்பில் உப்பு குறை என்று சொல்கிறார் என்றால், அந்த டாக்டர் அவர் பேச்சைக் கேட்காததால்தான். நான் மட்டும் என்ன ஒழுங்கு? அதற்கும் வருகிறேன்.

விமானம் கட்டலாம் என்று நீ சொன்ன அன்று உங்கப்பா என்னைத்தான் திட்டினார், உன்னை இல்லை. "இவன்தான் புத்திகெட்டுப் பேசுறான்னா, நீ இன்னாமே தலையாட்டிகினு கீற?" என்றார். நான் தலையாட்டினதற்குக் காரணம் இருந்தது. இருபது வயதில் கம்பெனியில் சேர்ந்து, சைலன்சர் குழாய் வெல்டிங்கில் ஆரம்பித்து, கசிவு சோதிக்கிற பிரிவுக்குப் பொறுப்பாக வந்தவள் நான். என் கை பட்ட குழாய்கள் ஊரெல்லாம் காருக்கடியில் தொங்குகின்றன, ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. ஒரு தடவையாவது, இது நான் செய்தது, இது பறக்குது என்று காட்ட ஆசைப்பட்டேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டோம். பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தது. நீ விமானப் படிப்பு படித்தவன், ஓட்டுகிற உரிமமும் வாங்கியவன். கட்டுகிற வரைபடம் பார்த்து நீ சொல்லுவாய், நான் வெட்டுவேன், மடிப்பேன், ஒட்டுவேன். உங்கப்பா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "இதுல ஆரனாவது கீதா?" என்று கேட்பார். அந்த நாட்களில் நாம் மூன்று பேரும் எவ்வளவு சண்டை போட்டோமோ, அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தோம்.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் பனி பெய்கிற நாட்டுக்காரர்கள். கேபினுக்குள் சூடு வேண்டும் என்று, எஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற தகட்டுச் சுவரில் ஹீட்டருக்கு ஒரு ஓட்டை காட்டியிருந்தார்கள். நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சித்திரை மாதத்துச் செங்கல்பட்டில் எவனுக்கு ஹீட்டர்? அந்த ஓட்டையை எவர்சில்வர் தகடு வைத்து, சூடு தாங்கும் பசை பூசி அடைத்தேன். கம்பி, குழாய் நுழைகிற மற்ற ஓட்டைகளையும் விடவில்லை. சைலன்சர் குழாயை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றடித்துப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. புகை என்றால் எனக்குத் தெரியாததா என்ன? புகை குழாய் வழியாக வரும், ஓட்டை வழியாக நுழையும், இரண்டையும் அடைத்துவிட்டேன், கதை முடிந்தது என்று இருந்தேன். ஆனாலும் படத்தில் சொல்லியிருந்தபடி முன்பலகையில் ஒரு அட்டை ஒட்டினாய். நடுவில் நெற்றிப்பொட்டு அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளி. எஞ்சின் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால் அந்தப் புள்ளி கறுக்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும்.

ஆயுதபூஜை வந்தது. விமானத்தை ஓடுபாதைக்குக் கொண்டுபோய் வைத்திருந்தோம். வருஷம் தவறாமல் பஸ்ஸுக்குப் பூஜை போட்டுப் பழகிய கை உங்கப்பாவுடையது, ரிட்டையர் ஆன பிறகு பூஜை போட வண்டி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நாள் கிண்டல் செய்தவர், அன்றைக்கு விடிவதற்கு முன்பே குளித்துவிட்டு மாலையோடு நின்றார். மூக்கிலிருக்கிற விசிறிக்குச் சந்தனம், இறக்கைக்குக் குங்குமம், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். கடைசியில் சாம்பிராணித் தட்டோடு கேபினுக்குள் தலையை விட்டார். நீ, "யப்பா, வெளியவே காட்டுப்பா" என்றாய். "இன்னாடா, பஸ்ஸுன்னா சீட்டு சீட்டா காட்டுவேன். வண்டிக்கு உள்ள காட்டாத பூஜை ஒரு பூஜையா?" என்று கதவையும் சாத்திக்கொண்டு, கரி கணகணவென்று இருக்க, சீட்டுக்கு மேலே, சீட்டுக்குக் கீழே என்று நிதானமாகக் காட்டினார். இருமிக்கொண்டே இறங்கினார். பார்த்தால் அட்டையின் பொட்டு கறுத்திருந்தது. கரி எரிந்தால் அதே வாயு வரும், அட்டை சரியாகத்தான் சொல்லியிருந்தது. "சாமிக்கே தெரியாம இதுக்குத் தெரிஞ்சிடுச்சி பாரு" என்று உங்கப்பா சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். அன்றிலிருந்து பொட்டு கறுத்தால் சாம்பிராணி. இரண்டு நாள் வெளிக்காற்றில் வைத்தால் பொட்டு வெளுக்கும், எஞ்சினைப் போட்டு ஓடுபாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் மறுபடியும் கறுத்திருக்கும். "சீட்டு பஞ்சுல சாம்பிராணி ஊறிப் போயிருக்கு" என்பாய் நீ. ஊறித்தான் போயிருந்தது, ஏறி உட்கார்ந்தால் கோயில் வாடை. அந்த வாடையில் புகை வாடை வந்திருந்தாலும் நமக்குத் தெரிந்திருக்காது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. புது அட்டை ஒன்று பையில் இருந்தது. சாம்பிராணி வாடை முழுசாகப் போன பிறகு ஒட்டலாம், வீணாக்க வேண்டாம் என்று பத்திரமாக வைத்திருந்தோம்.

கந்தசஷ்டி வாரத்தில் மழை விட்டு ஒரு நாள் பளிச்சென்று வெளுத்ததே, அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கும் தீபாவுக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. நீ தனியாக முதல் தடவை பறக்கப்போகிறாய் என்று அவளும் வந்திருந்தாள். உங்கப்பா செங்கல்பட்டுக் கடையிலிருந்து பொங்கல் வடை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பறப்பதற்கு முன்னால் ஓடுபாதையில் மேலும் கீழுமாகச் சில தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாய். வழக்கம்போல நான் பக்கத்து சீட்டில். மழைக்குப் பிந்தின புழுக்கம், கண்ணாடிக் கூண்டுக்குள் உடம்பு அவிந்துபோனது. இரண்டு பக்கக் கண்ணாடியையும் திறந்துவிட்டோம். இறங்கும்போது என் இரண்டு புருவத்துக்கும் நடுவில் விண்விண்ணென்று தெறித்தது. சஷ்டி விரதம், வெறும் வயிறு, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். நீயும் நெற்றியோரத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன், கேட்கவில்லை. கேட்டால் நீ பறப்பதை நான் தடுக்கிறேன் என்று நினைப்பாய் என்று பேசாமல் இருந்தேன். என் முகம் சுண்டியிருந்ததை நீயும் பார்த்தாய். நீயும் கேட்கவில்லை.

தீபா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆன்ட்டி, தலை வலிக்குதா?" என்றாள். விரதம்மா, ஒன்றும் சாப்பிடவில்லை என்றேன். உன் பக்கம் திரும்பி, "உனக்கு?" என்றாள். "நைட்டு ஃபுல்லா ஆபீஸ் கால். தூங்கல, அதான்" என்றாய். அவள் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரும் ஒரே வண்டியிலேர்ந்து எறங்குனீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தலை வலிக்குது. காரணம் மட்டும் எப்படி ரெண்டா இருக்கும்?" என்று கேட்டாள். உங்கப்பாதான், "கண்ணு பட்டுருக்கும்மா. மொளகா சுத்திப் போட்டா சரியாப் பூடும்" என்றார். "இப்ப மூணு காரணம் ஆயிடுச்சு மாமா" என்றாள் அவள்.

உனக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும், கனவு கண்ட நாள், கையில் சாவி, வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. "உன் ஆபீஸ்ல சாஃப்ட்வேர டெஸ்ட் பண்ணு, இங்க வேணாம்" என்றாய். அவள் முகம் சிவந்தது, ஆனால் நகரவில்லை. அட்டையைக் காட்டி, "இது ஏன் கறுப்பா இருக்கு?" என்றாள். "அது சாம்பிராணிம்மா" என்று நாம் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். "பூஜை போட்டு எத்தனை வாரம் ஆச்சு?" என்றாள். அவள் சொன்னது பொய் என்று காட்டத்தான் நீ பையிலிருந்த புது அட்டையை எடுத்து ஒட்டினாய், கண்ணாடியைத் திறந்து வைத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாய். பொட்டு கறுத்துப்போய் வந்தது. அந்த அட்டைக்குச் சாம்பிராணியே தெரியாது. நீ சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, இறக்கை நிழலில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாய்.

அவள் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மோரைக் குடித்துவிட்டு ஏறியிருப்பாய். கண்ணாடியைத் திறந்துகொண்டு கடல் பக்கம் போயிருப்பாய். லேசாகத் தூக்கம் வந்திருக்கும், ராத்திரி தூங்காததற்கு இது என்று காரணம் சொல்லிக்கொண்டிருப்பாய். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் கிடையாது.

மறுநாளே பிரித்துப் போட்டோம். எனக்கு என் குழாய் மேல்தான் முதல் சந்தேகம், மறுபடியும் தொட்டியில் முக்கினேன். குமிழி இல்லை. தகட்டுச் சுவரில் நான் அடைத்த இடங்களை விளக்கடித்துப் பார்த்தாய். ஊசிமுனை வெளிச்சம்கூட வரவில்லை. என் வேலை சரி என்று தெரிந்ததும் ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது, அடுத்த நிமிஷம் பயம் வந்துவிட்டது. குழாயும் சரி, சுவரும் சரி என்றால் புகை எந்த வழியாக வந்தது? தீபா போனில் உன்னிடம் கேட்டாள், கண்ணாடி மூடியிருக்கும்போது வலிக்கிறதா, திறந்திருக்கும்போதா என்று. மூடிக்கொண்டு நாம் ஓட்டினதே இல்லையே! படம் வரைந்தவர்கள் ஊரில் குளிருக்கு யாரும் திறந்திருக்க மாட்டார்கள், நம் ஊர் புழுக்கத்துக்கு யாரும் மூடமாட்டார்கள். அப்போதுதான் எனக்குக் கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட் ஞாபகம் வந்தது. கடைசி ஜன்னலைத் திறந்தால் பின்னால் விட்ட புகையெல்லாம் சுருட்டிக்கொண்டு உள்ளே வரும், அதனால்தான் அந்த சீட்டுக்கு யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள். "என் வண்டில பொகையே வராது" என்று உங்கப்பா இதற்கும் சண்டைக்கு வந்தார்.

கடைசியில் உண்மையைக் காட்டிக் கொடுத்ததும் சாம்பிராணிதான். விமானத்தைக் கொட்டகைக்குத் திரும்பக் கொண்டுவந்து, பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, தீயணைக்கும் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்தோம். உங்கப்பா பந்தல்காரரிடம் சொல்லி, கல்யாண மண்டபத்தில் வைக்கிற பெரிய விசிறிகளை வாங்கிவந்தார். அவற்றை முன்னால் வைத்து ஓடவிட்டு, அடிவயிற்றில் சைலன்சர் வாய் இருக்கிற இடத்தில் அவரே தட்டைப் பிடித்தார். கண்ணாடி மூடியிருந்தபோது புகை அடிவயிற்றை ஒட்டியே வால் பக்கம் போய்விட்டது. நீ உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைத் திறந்தாய். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில், வாலுக்குக் கம்பி போகிற திறப்பு வழியாக, உன் சீட்டுக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக எழும்பி, உன் தோளைத் தாண்டி, முகத்துக்கு முன்னால் வந்து ஜன்னல் வழியாக வெளியே போனது. ஜன்னல் காற்று கேபினை உறிஞ்சியது, கேபின் வாலை உறிஞ்சியது, வால் நம் புகையையே திருப்பி எடுத்துக் கொடுத்தது. முன்னால் இருக்கிற சுவரை அவ்வளவு கவனமாக அடைத்தோமே, பின்பக்கத்தை ஒரு நாள் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கப்பா தட்டைக் கீழே வைத்தார். "நம்ம கொயந்த இதுல போயிருப்பானே" என்றார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன், நெஞ்சு வலியின்போதுகூட அவர் அழவில்லை.

அப்புறம் நாம் செய்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் தீபாவுக்காக எழுதுகிறேன். சீட்டுக்குப் பின்னால் ரெக்சின் தடுப்பு போட்டு ஓரமெல்லாம் ஒட்டினோம். கம்பி போகிற திறப்புகளுக்கு ரப்பர் உறை மாட்டினோம். வால் அடியிலிருந்த இடுக்குகளை அடைத்தோம். சைலன்சர் வாயை நீட்டிக் கீழே வளைத்தேன், புகை அடிவயிற்றை ஒட்டாமல் காற்றோடு போகும்படி. முன்பக்கத்தில் இரண்டு காற்றுத் துளை வைத்தோம், அவற்றைத் திறந்தால் நல்ல காற்று உள்ளே நிறைந்து, இடுக்கு இருந்தாலும் வெளியேதான் தள்ளும். சீட்டுப் பஞ்சைத் தூக்கிப்போட்டுப் புதுசு வைத்தோம். கடைசியாகத்தான், அந்த வாயுவைக் கண்டால் கத்துகிற மீட்டரை மாட்டினோம். அதன் பிறகு நீ எத்தனையோ தடவை தனியாகப் பறந்துவிட்டாய், கண்ணாடியைத் திறந்தும் மூடியும் சோதித்துவிட்டாய், ஆள் ஏற்றலாம் என்று அனுமதியும் வந்துவிட்டது. வண்டி நல்ல வண்டி. அதில் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை நான் நிம்மதியாக மீன் வாங்கப் போவேன்.

எனக்குச் சந்தேகம் உன் மேல்தான். வண்டியின் ஓட்டைகளை அடைத்துவிட்டோம், உன் சட்டைப்பையிலிருக்கும் காரணங்களை என்ன செய்வது? அன்றைக்கு நாம் யாரும் தப்புச் செய்யவில்லை முரளி, யோசித்துப் பார். என் குழாய் சரி. உன் கணக்கு சரி. நான் விரதம் இருந்தது நிஜம், நீ தூங்காதது நிஜம், பூஜை போட்டதும் நிஜம். அவரவர் சொன்னது சரிதான், ஆனாலும் புகை உள்ளே வந்துவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் எங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. உங்கப்பாவும் நானும் பேசாமல் கிடந்த நாட்களில் அவருக்கு ஷிப்ட் அலுப்பு, எனக்குத் தண்ணீர் பிடித்த அலுப்பு. இரண்டு பேர் காரணமும் நியாயம்தான். ஒரே வீட்டில் இருக்கிறோமே, இரண்டு பேருக்கும் ஏன் ஒரே நேரத்தில் முகம் சுருங்குகிறது என்று யாரும் கேட்டதில்லை. நீ அன்றைக்கு அவள் மேல் எரிந்து விழுந்தாய், ஆனாலும் அவள் உன்னைக் கட்டிக்கொண்டாள். கேள்வி கேட்கிற பெண் கிடைத்திருக்கிறாள், அவள் கேட்கும்போது உடனே பதிலை எடுத்து நீட்டாதே. முதலில் எஞ்சினை நிறுத்து.

நியாயமாக வலது சீட்டில் முதலில் பறக்க வேண்டியது நான். நீயும் என்னைத்தான் கூப்பிட்டாய். ஓடுபாதையில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் அது என் சீட். ரிவெட் அடித்தது நான், பெல்ட் தைத்தது நான். தீபா போகட்டும் என்று நான் சொன்னது பெருந்தன்மையால் இல்லை, எனக்கு ஆசை இல்லாமலும் இல்லை. வயிற்றெரிச்சலாகவே இருந்தது, சொன்னால் என்ன? ஆனால் எனக்குத் தலை வலித்தால் உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நான் சொல்லாமல் இருந்துவிடுவேன். அவள் சொல்லிவிடுவாள். அந்த சீட்டுக்கு அப்படி ஒரு ஆள்தான் வேண்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மீட்டர் இருந்த இடத்தில் இருக்கட்டும். சம்பந்தியம்மா கற்பூரம், சாம்பிராணி எல்லாம் கொண்டுவருகிறார் என்று கேள்விப்பட்டேன். வெளியே தாராளமாகக் காட்டட்டும், கேபின் கதவு மூடியிருக்கட்டும், உங்கப்பா வாசலில் காவல் நிற்பதாகச் சொல்லிவிட்டார். ஆனி வெயில், கண்ணாடியைத் திறக்கத் தோன்றும். முன் காற்றுத் துளைகளைத் திறந்த பிறகு திற. மீட்டர் கத்தினால், கீழே டிராக்டர் இருந்ததா, பேட்டரி எப்போது போட்டது என்று ஆராயாதே. துளைகளை முழுக்கத் திற, திரும்பு, இறங்கு. கோயிலும் பாறையும் இத்தனை நூறு வருஷமாக அங்கேயேதான் இருக்கின்றன, அடுத்த வாரமும் இருக்கும். மேலே போனதும் இரண்டு பேரும் அடிக்கடி ஒருவரை ஒருவர் கேளுங்கள், தலை வலிக்குதா என்று. வலித்தால் வலிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் என்று சொல்லக் கூடாது.

இந்த வழக்கத்தை நாங்களும் இங்கே ஆரம்பித்துவிட்டோம். நீங்கள் சாமானெல்லாம் ஏற்றிக்கொண்டு போன அன்றிலிருந்து எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ கனமாக இருக்கிறது. கல்யாண அலைச்சல் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இன்று காலை காபி கொடுக்கும்போது உங்கப்பாவிடம், "எனக்கு மனசே சரியில்ல. உங்களுக்கு எப்டி கீது?" என்று கேட்டேன். அவர் வாயு என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். டம்ளரோடு கொட்டகைப் பக்கம் திரும்பினார். அப்புறம், "எனக்கும் அப்டித்தாம்மே கீது" என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில். காரணம் இரண்டாக இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை இறங்கினதும் நேராகச் சிறுசேரிக்குப் போய்விடாமல், இந்தப் பக்கம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அம்மா